பிள்ளையின் நித்திரையில் நாம் விடும் பிழைகள்

நித்திரை போதாவிட்டால் பெரியவர்களுக்குக் கொட்டாவி வரும், கண் சொருகும். மூன்று நாலு வயதுப் பிள்ளை அப்படியில்லை. அது துள்ளும், தொட்டதற்கெல்லாம் அழும், சொல்வழி கேட்காது. நாங்கள் அதற்குக் ‘குழப்படி’ என்று பெயர் வைத்து, முதுகில் ஒன்றும் போட்டுவிடுவோம். வன்னியில் எந்த முன்பள்ளியிலும் பத்து மணிபோல எட்டிப் பாருங்கள். ரீச்சர் கதை சொல்ல, ஒரு பிள்ளை பாயில் உருண்டுகொண்டு பக்கத்துப் பிள்ளையின் சட்டையை இழுத்துக்கொண்டிருக்கும். தாயிடம் முதலில் கேட்கவேண்டியது, “ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தவன்?” என்பதைத்தான்.

ஒன்றிரண்டு வயதில் 11 முதல் 14 மணித்தியாலம், மூன்று நாலு வயதில் 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பகல் நித்திரையும் இதற்குள் அடக்கம். இரவு பத்துக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழும்பி முன்பள்ளிக்குப் போகிற பிள்ளை, பகலிலும் படுக்காவிட்டால் எட்டு மணித்தியாலத்தில் நிற்கிறது. “நல்லாத்தானே படுக்கிறான்” என்று நாங்கள் சொல்லிக்கொள்வது இதைத்தான். வளர்ச்சி ஓமோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த நித்திரையில். பகலில் கேட்ட சொல்லும் பழகிய வேலையும் மனதில் பதிவதும் நித்திரையில்தான். தொடர்ந்து குறைந்தால் கவனமும் பேச்சும் பின்னடிக்கும், கோபத்தை அடக்கத் தெரியாது.

பிந்திப் படுப்பதற்கு எங்கள் வீடுகளில் இரண்டு காரணங்கள். ஒன்று, தகரக் கூரை. வெயில் இறங்கியும் உள்ளே வெக்கை தணியாது. பிள்ளைக்கு உடம்பைத் துடைத்து, காற்றுப் படும் விறாந்தையில் நுளம்பு வலைக்குள் படுக்க வைக்கலாம். பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்துவதை விடுங்கள், அந்தப் புகை மூக்கை அடைக்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு இன்னும் மோசம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் நித்திரைக்கும் வலை வேண்டும்.

மற்றது அப்பா. வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வருகிறவரைப் பார்க்கட்டும் என்று பிள்ளையை முழிக்க வைக்கிறோம். ஆசை நியாயமானதுதான். ஆனால் களைத்துப்போன பிள்ளை அவரோடு விளையாடாது, அழுதுதான் தீர்க்கும். வேளைக்குப் படுத்தால் வேளைக்கு எழும்பும். அப்பா வேலைக்குப் போகமுதல் அவரோடு இருக்கட்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒருநாள் விடிய விடிய முழித்திருப்பதால் எதுவும் குடிமுழுகாது. நாளாந்தம் படுக்கும் நேரம் மாறுவதுதான் பிரச்சினை.

“போன் குடுத்தால்தான் படுப்பான்” என்பதும் பிழையான கணக்கு. திரையின் வெளிச்சம் நித்திரை வரவைக்கும் ஓமோனைத் தள்ளிப்போடும், கார்ட்டூன் மூளையை ஓயவிடாது. படுக்க ஒரு மணித்தியாலம் முன்பே போனை எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் கத்தும், பிறகு அம்மம்மாவின் கதைக்கே படுக்கும். பின்னேரப் பிளேன்ரீயையும் நிறுத்துங்கள். தேயிலை நித்திரையைக் கெடுப்பதோடு, சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை இரவில் காலை உதைத்துப் புரண்டுகொண்டே இருக்கலாம்.

தடிமனுக்குத் தந்த பாணி மருந்தில் ஒரு கரண்டி கொடுத்துப் படுக்க வைப்பதை மட்டும் மன்னிக்க முடியாது. சின்னப் பிள்ளைகளில் அது மூச்சைப் பாதிக்கலாம். சில பிள்ளைகள் நித்திரை வராமல் இன்னும் துள்ளுவதும் உண்டு.

குறட்டைக்கு வருவோம். “அப்பாவைப் போலவே குறட்டை” என்று சிரிக்கிறோம். தடிமன் இல்லாத நாட்களிலும், கிழமையில் மூன்று நாலு இரவு வாயைத் திறந்து குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு இழுத்தால், தொண்டைச் சதையோ மூக்கின் பின்பக்கச் சதையோ வீங்கியிருக்கலாம். அந்தப் பிள்ளை பத்து மணித்தியாலம் படுத்தாலும் நித்திரை கொள்ளவில்லை. போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து டாக்குத்தரிடம் காட்டுங்கள், வாயால் விளங்கப்படுத்துவதைவிட அது உதவும். இரவில் ஆசனவாயைச் சொறிந்து எழும்புகிற பிள்ளைக்குக் கீரைப்பூச்சி இருக்கலாம், அதற்கு மருந்து லேசு. ஐந்து வயதுக்குள் படுக்கையில் சலம் போவதற்கு மட்டும் யாரும் ஏச வேண்டாம்.

பிறகு அந்தப் பதினொரு மணி அலறல். படுத்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் பிள்ளை எழும்பி இருந்து கத்தும். கண் திறந்திருக்கும், உடம்பெல்லாம் வேர்வை, தாயைத் தெரியாது, தூக்கினால் தள்ளும். விடிந்து கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. பயந்துவிட்டான், பேய் பார்த்துவிட்டான் என்று நூல் கட்டுவோம். ஆழ்ந்த நித்திரையிலிருந்து மூளை பாதி மட்டும் விழிப்பதால் வருவது இது, வளர வளரப் போய்விடும். திருநீறு பூசுவதில் கெடுதி இல்லை. உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருந்தால் போதும். நித்திரை குறைந்த நாட்களில் இது கூடும் என்பதால் வேளைக்குப் படுக்க வைத்துப் பாருங்கள். விடியப்புறம் அழுது எழும்பி, கண்டதைச் சொல்கிற பிள்ளை கனவு கண்டிருக்கிறது, அதை அணைத்துத் தேற்றலாம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். காட்டோரக் கிராமங்களில் இரவில் யானை விரட்டும் வெடி கேட்டாலே 2009 போரைக் கடந்து வந்த தாய்மார் சிலர் திடுக்கிட்டு எழும்புவார்கள், பிறகு விடியும்வரை கண் மூடாது. தாய் துடித்தெழுந்தால் பக்கத்தில் கிடக்கிற பிள்ளையும் எழும்பும். கிளினிக்கில் பிள்ளையின் நிறையைப் பார்க்கிற குடும்பநல உத்தியோகத்தரிடம் உங்கள் நித்திரையைப் பற்றியும் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவர் வழிகாட்டுவார்.