மாட்டுக்கு ஈரல் புழு மருந்து குடுத்தாச்சு, ஈரல் தேறுதான்னு எப்படி பாக்குறது?

போன தை மாசம் நம்ம உம்பளச்சேரி பசுவுக்கு தாடைக்கு கீழ பை மாதிரி நீர் கோத்துகிச்சு. வாய்க்கா ஓரம் நத்தை கெடக்குற ஈரத்துல மேஞ்ச மாடு, ஈரல்ல இருக்குற தட்டைப்புழுதான்னு டாக்டர் சொல்லி ஆக்சிக்ளோசனைடுங்கிற புழு மருந்து குடுத்தாரு. வளந்த புழு செத்துடும், ஆனா அது அரிச்ச ஈரல் மறுநாளே ஆறாது. அதை நான் கவனிச்ச விதம்தான் இது, மருந்து அளவெல்லாம் டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க.

1. மருந்து ஊத்துறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்துடுங்க, டெய்லர் டேப்பால மார்புச் சுத்தளவும் குறிச்சுக்கங்க. எடை மெஷின் தேடி அலைய வேணாம், டேப் போதும்.

2. நான் வழுக்குன எடம் இதுதான். ரத்தத்தை டவுன்ல மனுஷங்க லேப்ல குடுத்து "லிவர் டெஸ்ட்"னு மட்டும் சொன்னேன், எஸ்ஜிபிடி (ஈரல்ல இருக்குற ஒரு என்சைம்) நார்மல்னு வந்துச்சு, நானும் ஈரல் நல்லாருக்குன்னு வீட்டுக்கு வந்துட்டேன். மாட்டு ஈரல்ல அந்த எஸ்ஜிபிடி ரொம்ப கம்மி, ஈரல் கெட்டாலும் பெருசா ஏறாது! கேக்க வேண்டியது ஜிஜிடி (பித்தக்குழாய் புண்ணானா ஏறுறது), எஸ்ஜிஓடி (ஈரல் செல் கெட்டா ஏறுறது), ஆல்புமின் (ஈரல் செய்யுற ரத்தப் புரதம்) மூணும். எஸ்ஜிஓடி தசை அடிபட்டாலும் ஏறும், அதனால கட்டி இழுத்து கீழ தள்ளி ரத்தம் எடுத்தா அந்த நம்பரை நம்பாதீங்க. பேப்பர்ல பக்கத்துல போட்டுருக்குற நார்மல் அளவு மனுஷனுக்கு, அதையும் விடுங்க, உங்க மாட்டோட பழைய நம்பரோட மட்டும் ஒப்பிடுங்க. ஜிஜிடி மெதுவாதான் எறங்கும், நான் மாசம் ஒருதடவ பாத்தேன்.

3. தாடையை சாயங்காலம் பாருங்க. குனிஞ்சு மேஞ்சுட்டு வந்தப்புறம்தான் நீர் எறங்கி நிக்கும், காலைல வத்துன மாதிரி தெரியும், அதுல நான் ரெண்டு நாள் ஏமாந்தேன். விரலால அமுக்குங்க, குழி விழுந்தா இன்னும் நீர் இருக்கு. ஆல்புமின் ஏற ஏற தானா வடியும். கண்ணோட கீழ் இமையை மெல்ல இழுத்தும் பாருங்க, வெளுப்பு போய் ரோஸ் வரணும்.

4. சாணி டெஸ்ட் மூணு வாரம் கழிச்சுதான். பித்தப்பைல தங்குன பழைய முட்டை கொஞ்ச நாள் வந்துகிட்டே இருக்கும். தட்டைப்புழு முட்டை கனம், உப்புத்தண்ணில மிதக்காது, அதனால மிதக்க வச்சு பாத்து "இல்ல"ன்னா ஏத்துக்காதீங்க, அடியில படிய வச்சு பாக்கச் சொல்லுங்க. மஞ்சளா இருந்தா ஈரல் புழு முட்டை, நிறமில்லாம இருந்தா வயித்துல இருக்குற வேற தட்டைப்புழுவோடது.

அப்டேட்: ரெண்டு மாசத்துல திரும்ப தாடை வீங்குதேன்னு ரெண்டு பேரு கேட்டாங்க. ஆக்சிக்ளோசனைடு வளந்த புழுவைத்தான் கொல்லும், ஈரலுக்குள்ள ஊர்ற குஞ்சுப்புழு தப்பிச்சு வளந்துடும். மறு டோஸ் எப்போ, இல்ல குஞ்சையும் கொல்ற ட்ரைக்லாபெண்டசோலா, பாலை எத்தன நாள் விக்கவோ குடிக்கவோ கூடாது, இந்த மூணையும் சேத்தே டாக்டர்கிட்ட கேளுங்க. இன்னொருத்தர் புதுசா பொறந்த கன்னுக்கு ஜிஜிடி எக்கச்சக்கமா இருக்குன்னு பதறிட்டாரு, அது சீம்பால் குடிச்சதால வர்றது, புழு இல்ல.