பாலாற்றுப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஐசோடோப்பு சோதனைக்கு எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வேலூர்ப் பக்கம் கனநீர் என்று சொன்னாலே, "எங்க வீட்டு போர் தண்ணி அப்படித்தான், சோப்பு நுரையே வராது" என்பார்கள். அது கடினநீர், கால்சியமும் மக்னீசியமும் கரைந்த தண்ணீர். கனநீரில் ஹைட்ரஜனே கனமானது, பெயர் ட்யூட்டீரியம். ஒரே தனிமத்தின் இப்படி எடை மாறிய அணு வகைகள்தான் ஐசோடோப்பு; தண்ணீரில் கனமானதும் லேசானதும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளப்பதுதான் ஐசோடோப்பு சோதனை. கடல்நீரில் ஏறக்குறைய 6400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று அப்படி இருக்கும். கதிர்வீச்சும் கிடையாது, பயப்பட ஒன்றுமில்லை.

ட்யூட்டீரியத்தை 1931-ல் கண்டுபிடித்தவர் ஹரால்ட் யூரி என்ற அமெரிக்க இயற்பிய வேதியியலாளர். அவர் மட்டும்தான் என்று எழுதுவது தவறு, பிரிக்வெட், மர்பி இருவரும் கூட உழைத்தார்கள். 1934 நோபல் பரிசுதான் யூரி ஒருவருக்குப் போனது. அவர்களுக்கு உதவிய வழி எளிமையானது: திரவ ஹைட்ரஜனை லிட்டர் கணக்கில் ஆவியாக விட்டு, அடியில் மிஞ்சிய துளியைச் சோதித்தார்கள், ஏனென்றால் லேசானது முதலில் பறந்துவிடும், கனமானது தங்கும்.

இதே விஷயம் உங்கள் பாட்டிலுக்குள் நடந்தால் மாதிரி பாழ். நான் ஒரு அக்னி நட்சத்திரத்தில் விரிஞ்சிபுரம் பக்கம் எடுத்த தண்ணீரைப் பாதி நிரப்பிய பாட்டில்களில், மூடி லூசாக, பைக் பெட்டியிலேயே இரண்டு நாள் விட்டுவிட்டேன். வந்த எண்கள் கிணற்றுடையவை அல்ல, வெயிலுடையவை. மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டியதாயிற்று.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துக் கிணறுகள் உப்பாகிப் போனது வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு செறிந்ததாலா, இல்லை தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பு கரைந்ததாலா என்பதைப் பிரித்துக் காட்ட ஐசோடோப்பு கைகொடுக்கும். தண்ணீர் ஆவியாகியிருந்தால் மிஞ்சியதில் ட்யூட்டீரியமும், ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18-ம் கூடியிருக்கும். வெளியிலிருந்து வந்து கரைந்த உப்போ அந்த விகிதத்தை அவ்வளவாகத் தொடாது. பாட்டிலுக்குள்ளேயே ஆவியான மாதிரி என்ன சொல்லும்? பழியை வெயில்மேல் போட்டுவிடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற குடும்பத்துக்கு அது பெரிய அநியாயம்.

அதனால் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, காற்றுக்குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி டேப் சுற்றி நிழலில் வையுங்கள். இந்தச் சோதனைக்கு அமிலம் எதுவும் ஊற்ற வேண்டாம். உப்பு அளக்க வேண்டுமானால் அதற்குத் தனி பாட்டில். அப்புறம், மேல்தொட்டிக் குழாயில் பிடித்துத் தருவார்கள், நல்ல மனதோடுதான் தருவார்கள், ஆனாலும் வாங்காதீர்கள். தொட்டியில் நின்ற தண்ணீர் ஏற்கெனவே ஆவியாகத் தொடங்கியிருக்கும். மோட்டார் போடச் சொல்லி, குழாயில் தேங்கியது போகும்வரை சிறிது நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். தேதியையும் போரின் ஆழத்தையும் அங்கேயே பாட்டில்மேல் எழுதிவிடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்பா பின்பா என்பது தெரியாத மாதிரியை மற்றதோடு ஒப்பிட முடியாது.