முதல் பொம்மைக்கு முந்திரிப்பழம் போதும்

கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷேவில் பொம்மை போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் கரடியோடுதான் வருகிறார்கள். போனில் ஒரு படம் இருக்கும். கரடிக்குச் சட்டை, தொப்பி, கையில் ஒரு பூ. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வரும் காலேஜ் பெண்கள், கல்லா மேல் கிடக்கும் ஊசியையும் நூலையும் பார்த்துவிட்டு, "அக்கா, இது மட்டும் சொல்லிக் குடுங்கக்கா" என்று அந்தப் படத்தைத்தான் நீட்டுவார்கள். கரடி அப்புறம் என்பேன். உடம்பு போடுவது சுலபம்; இரண்டு காதையும் ஒரே உயரத்தில் வைத்துத் தைப்பதற்குள் உயிர் போய்விடும். கை, கால், கண் எதுவும் இல்லாத ஒன்றை முதலில் போட்டு முடிக்க வேண்டும். எங்கள் ஊருக்கு அது முந்திரிப்பழம். நீளவாக்கில் ஓர் உருண்டை, அடியில் வளைந்த கொட்டை, அவ்வளவுதான். மஞ்சளில் போட்டாலும் சிவப்பில் போட்டாலும் பண்ருட்டிப் பக்கம் அந்த நிறத்தில் பழம் உண்டு.

ஊசி 2.5 மி.மீ. பாட்டி காலத்து லேஸ் ஊசி வீட்டில் இருந்தாலும் இதற்கு ஆகாது, ரொம்ப மெலிசு. நூல், மில்க் காட்டன் என்று கேட்டால் 50 கிராம் கண்டாகக் கிடைக்கும். மஞ்சள் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்குங்கள். நாலைந்து பழத்துக்கு வரும். கறுப்பு நூலை முதல் தடவை தொடாதீர்கள், ஸ்டிச் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஸ்வெட்டர் உல்லனிலும் போடலாம்தான், ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்த விரலோடு ஒட்டிக்கொண்டு நகராது. திருப்பாதிரிப்புலியூர் கடைகளில் நிறம் அமையவில்லை என்றால் புதுச்சேரிக்குப் போகிற அன்று நேரு வீதியில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே அடைக்கத் தலையணைக்கு வைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு வேண்டாம்; இடுக்கு வழியே வெளியே வரும், நாளானால் கட்டி தட்டும். முனை மழுங்கிய பெரிய தையல் ஊசி ஒன்று. அப்புறம் ஓர் ஊக்கு.

சேலையில் குத்தும் அதே ஊக்குதான். பொம்மையில் சுற்று முடிந்ததும் மூட்டுவது கிடையாது. கொசுவர்த்திச் சுருள் போல நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கே தொடங்கினோம் என்பதைக் காட்ட ஊக்கைத் தவிர வேறு அடையாளம் இல்லை. ஒவ்வொரு சுற்றின் முதல் ஸ்டிச்சிலும் அதை மாட்டுங்கள், அடுத்த சுற்றில் கழற்றி மேலே ஏற்றுங்கள். கடையில் ஆள் வந்தால் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவது என் வழக்கம். அப்போது ஊசியை உருவிவிட்டு, நிற்கும் லூப்பில் இன்னோர் ஊக்கு. நூல் அவிழாது, எண்ணிக்கையும் போகாது.

போட வேண்டியது ஒரே ஸ்டிச், சிங்கிள் குரோஷே. முந்தைய வரிசையில் ‘வி’ மாதிரி படுத்திருக்கும் இரண்டு இழைக்கும் கீழே ஊசியை விட்டு நூலைக் கொக்கியால் இழுங்கள். ஊசியில் இரண்டு லூப் நிற்கும். மறுபடி நூலைப் பிடித்து இரண்டின் வழியாகவும் இழுங்கள். ஆங்கிலேய முறைப் புத்தகங்களில் இதற்கே டபுள் குரோஷே என்று பெயர். கான்வென்டில் கற்ற அத்தைகளிடம் கேட்டால் இந்தக் குழப்பம் வரும். பெயரை விடுங்கள், இரண்டு லூப்பில் முடிகிறதா என்று பாருங்கள்.

தொடக்கத்துக்கு மேஜிக் ரிங் என்பார்கள், நூலை வளையமாகச் சுற்றி அதற்குள் ஸ்டிச் போட்டு இழுத்து இறுக்குவது. அது வராமல் நூலைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. இப்போதைக்கு வேண்டாம். ஊசியில் நிற்கும் லூப் வழியாக நூலை இழுத்தால் ஒரு செயின். அப்படி இரண்டு செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினுக்குள்ளேயே 6 சிங்கிள் போடுங்கள். நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரியும். முந்திரிப்பழத்தில் அது காம்பு இருக்கிற இடம்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு ஸ்டிச்சிலும் இரண்டு, ஆக 12. மூன்றாவதில் ஒன்றில் ஒற்றை, அடுத்ததில் இரட்டை என்று மாற்றி மாற்றி, 18. நாலாவதில் இரண்டு ஒற்றை, ஓர் இரட்டை, 24. இதற்குள் அது கிண்ணம் மாதிரி குவிய ஆரம்பிக்கும், பல பேருக்கு உள்பக்கம் வெளியே வந்து நிற்கும். ‘வி’ வரிசை வெளியே தெரியும்படி அப்படியே திருப்பிவிடுங்கள். ஐந்திலிருந்து பன்னிரண்டாம் சுற்று வரை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், 24தான். டிவி பார்த்துக்கொண்டு போடக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

குறைக்கும்போதுதான் பொம்மையின் அழகு நிற்பதும் கெடுவதும். இரண்டு ஸ்டிச்சை முழுதாகச் சேர்த்தால் புடைத்துக்கொண்டு தெரியும். அதற்குப் பதில், அடுத்தடுத்த இரண்டு ஸ்டிச்சிலும் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் ஏற்றுங்கள். நூலைப் பிடித்து அந்த இரண்டு இழை வழியாக இழுத்து, பிறகு வழக்கம்போல் முடியுங்கள். பதின்மூன்றாவது சுற்றில் இரண்டு போட்டு ஒரு குறைப்பு, 18. அடுத்ததில் ஒன்று போட்டு ஒரு குறைப்பு, 12. இங்கே நிறுத்திப் பஞ்சை அடையுங்கள். கொத்தாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு. வெள்ளை பஞ்சு இடுக்கில் எட்டிப் பார்த்தால் கை தளர்வு என்று அர்த்தம். அடுத்த பழத்துக்கு ஊசியை 2.25க்கு இறக்குங்கள். கடைசிச் சுற்று முழுக்கக் குறைப்பு, 6. ஒரு சாண் விட்டு நூலை வெட்டி, ஆறு முன்இழையிலும் கோத்து இழுத்தால் மூடிக்கொள்ளும்.

கொட்டைக்குச் சாம்பல் நூல். 6, பிறகு ஒன்று விட்டு ஒன்றில் இரட்டை போட்டு 9, அப்படியே ஆறு சுற்று. துளி பஞ்சு. மறுபடி 6 ஆக்கி மூடுங்கள். மிச்ச நூலை ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழ் வரை ஓட்டி இழுத்தால் தானாக வளையும். ஒரு நுனியைப் பழத்தின் அடியில் வைத்து நாலு தையல்.

இதற்கப்புறம் கரடிக்குப் போகலாம். பிளாஸ்டிக் கண் வைப்பதானால் உருண்டையை மூடுவதற்கு முன்பே உள்ளே வாஷரை அழுத்திவிட வேண்டும், அழுத்தினால் திரும்ப வராது. மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்தக் கண்ணே வேண்டாம். கறுப்பு நூலில் கண்ணைத் தைத்தே கொடுங்கள்.