பாடநூலை ஈபப் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்பாவின் போனோ அண்ணனின் போனோதான் பாடப்புத்தகம். ஏ4 தாளுக்கென்று அமைத்த பிடிஎஃபை அந்தச் சின்னத் திரையில் இடமும் வலமுமாக இழுத்துப் படிப்பது பெரும் சோதனை. ஈபப் என்ற மின்னூல் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கிக்கொள்ளும். யாரும் பகிரலாம் என்ற திறந்த உரிமத்தில் வந்த கடல் உயிரியல் நூல் ஒன்றை அப்படி மாற்றித் தர நினைக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கையில் கிடைத்த பிடிஎஃபிலிருந்தே வேலையைத் தொடங்குவதுதான் மிகப் பெரிய தவறு. பிடிஎஃப் அச்சுக்கான வடிவம். எந்த எழுத்து பக்கத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அதில் இருக்கும். எது தலைப்பு, பத்தி எங்கே முடிகிறது என்பது பெரும்பாலும் இருக்காது. கேலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் போட்டு மாற்றினால் பத்திகள் கண்ட இடத்தில் உடையும், பக்க எண் பாடத்தின் நடுவே வந்து உட்காரும். வெளியிட்டவர்களுக்கு எழுதி மூலக்கோப்பைக் கேளுங்கள். வேர்டு, லேடெக், எச்டிஎம்எல், எது கிடைத்தாலும் சரி, பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருள் அதை ஈபப் ஆக்கிவிடும். பிடிஎஃபை அது படிக்காது.

மூலக்கோப்பு வந்ததும் தலைப்புகளைப் பாருங்கள். எழுத்தைத் தடிமனாக்கி மட்டும் வைத்திருந்தால் மென்பொருளுக்கு அது தலைப்பு இல்லை, பொருளடக்கமும் உருவாகாது. தலைப்புக்கான ஸ்டைலைக் கொடுத்தாக வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்பென்றால் இன்னும் கவனம் தேவை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடைத் தமிழக அரசு 2010இல் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னும், ஏன் பின்னும்கூட, பாமினி, வானவில் என்று பல எழுத்துருக்களில் நூல்கள் தட்டப்பட்டன. பாமினி கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தமிழ் உருவம் எழுத்துருவில் மட்டுமே இருக்கிறது. அந்த எழுத்துருவையே ஈபப்புக்குள் பதித்துவிட்டால் திரையில் தமிழ் அழகாகத் தெரியும். அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. ஆவுளியா (கடற்பசு) என்று தேடினால் எதுவும் கிடைக்காது. பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் ஒரு வரியும் ஒழுங்காகப் படித்துக் காட்டாது.

முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். கடல் உயிரியலில் பக்கத்துக்குப் பக்கம் லத்தீன் அறிவியல் பெயர்கள் வரும். மொத்தக் கோப்பையும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் கொட்டினால் அவையும் தமிழ் எழுத்தாகிக் குழம்பிப்போகும். அவற்றைத் தனியே குறித்து ஒதுக்கிவிட்டு மற்றதை மாற்றுங்கள். அப்புறம் ஔகாரம். 'பௌர்ணமி'யில் வரும் ஔகாரக் குறியின் இரண்டாம் பாதியை ளகரமாகத் தட்டியிருந்தால் பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடலில் அகப்படாது. ஓதம், அதாவது கடல் ஏற்ற இறக்கம் பற்றிய பாடத்தில் இந்தச் சொல்தான் அடிக்கடி வரும். ஸ்கேன் செய்த நூலை டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் கொண்டு எழுத்தாக்கினால் துணைக்காலும் ரகரமும் இடம் மாறக்கூடும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

சூடை, காரல், நெத்திலி என்று மீன்களைப் பட்டியலிடும் அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரிதாகி மடங்காது. கடற்புல், பவளப்பாறைப் படங்களுக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் விவரிப்பு எழுதுங்கள். 'படம் 3' என்று போடுவதால் யாருக்கும் பயனில்லை.

முன்பக்கம்தானே என்று உரிமப் பக்கத்தை வெட்டுவது நல்லதல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் ஆசிரியர் பெயரும் உரிமத்தின் பெயரும் இணைப்பும் புதிய கோப்பிலும் இருக்க வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 'மாற்றம் கூடாது' என்ற வகையைக் கண்டு பலர் பின்வாங்குகிறார்கள். அந்த உரிமத்தின் 4.0 பதிப்பு வடிவம் மாற்றுவதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. மொழிபெயர்த்தோ சுருக்கியோ பரப்பத்தான் தடை.

கடைசியில் ஈபப்செக் என்ற பிழை காட்டும் கருவியில் சோதித்து, பிள்ளைகள் வைத்திருக்கும் விலை குறைந்த போனிலும் திறந்து பாருங்கள். சமன்பாடுகள் சில செயலிகளில் சிதைகின்றன. இரவில் கருப்புப் பின்னணிக்கு மாற்றினால், பின்னணி இல்லாத படங்களின் கருப்புக் கோடுகள் காணாமல் போகும். அத்தகைய படங்களுக்கு வெள்ளைப் பின்னணி கொடுத்துச் சேமியுங்கள்.