15 இன்ச் டாப் பாக்ஸில் டிரைவர் மாற்றுவது எப்படி?

கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று ஓடும் சின்ன சவுண்ட் சர்வீஸ்களில் பெரும்பாலும் இருப்பது இந்த ரக டாப் பாக்ஸ்தான்: பிளைவுட் பெட்டி, கீழே ஒரு 15 இன்ச் ஸ்பீக்கர் (வூஃபர்), மேலே ஒரு ஹாரன், பின்னால் வயர் மாட்டும் ஸ்பீக்கான் சாக்கெட். உள்ளே சத்தம் எழுப்பும் வூஃபரையும் ஹாரனின் பின்பக்கப் பாகத்தையும்தான் டிரைவர் என்பது. நாலைந்து வருஷம் ஓடியதும் பேச்சு கரகரக்கும், நாதஸ்வரம் காதைக் குத்தும். "ஸ்பீக்கரை மாத்திடலாம்" என்று கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வேணும்?" அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிப் பணத்தை விட்டவன் நான். அந்தக் கதை படி 3-ல் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தனியாக இருக்கும் பாசிவ் பாக்ஸுக்கு மட்டும். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் பாக்ஸ் என்றால், அதன் டிஎஸ்பி (ஒலியைத் திருத்தும் உள் சிப்) அந்தக் குறிப்பிட்ட டிரைவருக்கென்றே செட் செய்யப்பட்டிருக்கும். அதில் வேறு மாடலை மாட்டினால் எல்லாக் கணக்கும் தப்பிவிடும். கம்பெனி ஸ்பேர் வாங்கிப் போடுவதே நல்லது.

படி 1: டிரைவர்தான் காரணமா?

புதுசு வாங்கும் முன் அரை மணி நேரம் இதற்குச் செலவிடுங்கள். கிரில்லைக் கழற்றி, இரண்டு உள்ளங்கையையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமே இல்லாமல் போய் வர வேண்டும். மணலைத் தேய்ப்பது போல ஒரு சரசரப்பு கேட்டால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) உரசுகிறது. பிறகு வயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது, 5.5-லிருந்து 6.5 வரை காட்டினால் சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

இரண்டுமே சரி, ஆனாலும் அதிர்கிறதா? கைப்பிடி ஸ்க்ரூ, கிரில், கழன்றுபோன டி-நட் (மரத்தில் பதித்த நட்) என்று ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பாருங்கள். என்னிடம் வந்த "ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு" பாக்ஸ்களில் சிலவற்றுக்கு ஒரு ஸ்பேனர் போதுமானதாக இருந்தது. மேக்னட்டும் பாடியும் நல்ல கம்பெனிப் பொருளாக இருந்தால் ரீகோன் (கோனையும் காயிலையும் மட்டும் புதிதாகப் போடுவது) செய்வதே லாபம். ஹாரன் மட்டும் செத்திருந்தால் டயாஃபிராம் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) மட்டும் மாற்றினால் போதும்.

படி 2: பெட்டியை அளந்து எழுதுங்கள்

ஸ்பீக்கர் தனியாகப் பாடுவதில்லை, பெட்டியோடு சேர்ந்துதான் பாடுகிறது. அதனால் முதலில் பெட்டியின் ஜாதகம் வேண்டும்.

உள் அளவுகளைச் சென்டிமீட்டரில் எடுங்கள். டாப் பாக்ஸ் பின்னால் குறுகி இருக்கும் என்பதால் முன் அகலத்தையும் பின் அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கிக் கொள்ளுங்கள். உதாரணமாக முன்னால் 44, பின்னால் 30 என்றால் சராசரி 37. ஆழம் 38, உயரம் 64. மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 90 லிட்டர். ஸ்பீக்கர், ஹாரன், உள்கட்டைகள் அடைக்கும் இடத்துக்கு ஒரு 10 லிட்டர் கழித்தால் 80.

அடுத்தது போர்ட் (பெட்டியில் காற்று வந்துபோகும் ஓட்டை) எந்த அதிர்வெண்ணில் ட்யூன் ஆகியிருக்கிறது என்பது. போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, ஆம்பைக் குறைந்த வால்யூமில் வைத்து, 80 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் கோன் ஆடுவது திடீரென்று அடங்கி, போர்ட்டிலிருந்து காற்று பலமாக வரும். அதுதான் ட்யூனிங். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் 45-லிருந்து 55-க்குள் இருக்கும். அதற்கும் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லாததால் அது கண்டபடி ஆடும். இது படி 7-ல் உதவும், குறித்து வையுங்கள்.

கூடவே ஸ்பீக்கர் உட்காரும் ஓட்டையின் விட்டம் (15 இன்ச் என்றால் 350 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்), போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் இடம். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். வயர் கலர் மாறாமல் கிராஸ்ஓவரை (வூஃபருக்கும் ஹாரனுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) தனியாக நாலு போட்டோ.

படி 3: வாட்ஸை விட்டுவிட்டு டெசிபலைப் பாருங்கள்

இனி என் கதை. மேக்னட் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 800 வாட் என்று போட்ட ஒரு ஜோடி வாங்கினேன். பழையது 300 வாட். கல்யாண மண்டபத்தில் போட்டதும் பழைய ஸ்பீக்கரைவிடச் சத்தம் கம்மி! ஆம்ப் அதேதான், மிக்ஸர் அதேதான். சமையல்கட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து, "தம்பி, செட்டு ஓடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விஷயம் சென்சிட்டிவிட்டியில் இருக்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. பழையது 98, புதியது 94. 3 டெசிபல் வித்தியாசத்தை ஈடுகட்ட ஆம்ப் பவர் இரண்டு மடங்கு வேண்டும். என் ஆம்ப் தரும் 200 வாட்டில் பழையது 121 டெசிபல் போகும், புதியது 117-தான். இன்னொரு பக்கமாகவும் பாருங்கள்: 94 டெசிபல் ஸ்பீக்கருக்கு முழு 800 வாட்டும் கொடுத்தால் 123. 98 டெசிபல் ஸ்பீக்கருக்கு 300 வாட் கொடுத்தாலே ஏறக்குறைய அதே 123. ஐந்நூறு வாட்டுக்குக் கூடுதலாக ஆம்ப் வாங்கி, ஜெனரேட்டரில் டீசல் ஊற்றி, கடைசியில் வந்து நிற்பது அதே இடத்தில்.

சூட்டுக் கணக்கும் உண்டு. 98 டெசிபல் ஸ்பீக்கர்கூட வாங்கும் 100 வாட்டில் சுமார் 4 வாட்டைத்தான் சத்தமாக்குகிறது, மிச்சமெல்லாம் காயில் சூடு. செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். சாயங்காலம் 6 ஓம் இருந்த காயிலில் 200 டிகிரி சூடு ஏறினால் 10 ஓமைத் தாண்டிவிடும், ஆம்பிலிருந்து இழுக்கும் பவர் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். ராத்திரி பத்து மணிக்கு "என்னப்பா சவுண்ட் இறங்கிருச்சு" என்று கேட்பார்களே, அதில் இதற்கும் பங்கு உண்டு. அதனால் காயில் 3 இன்ச்சாவது இருக்கட்டும்.

வாட்ஸ் எண்ணையும் கவனித்துப் படியுங்கள். ஏஇஎஸ் அல்லது ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்) என்று போட்டிருப்பதுதான் கணக்கு. புரோகிராம் என்பது அதன் இரண்டு மடங்கு, பீக் என்பது நாலு மடங்கு. ஸ்டிக்கரில் எதுவுமே சொல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அது பீக் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டிக்குப் பொருத்தம். நல்ல கம்பெனிகள் டேட்டா ஷீட்டில் தீல்-ஸ்மால் அளவுகளைத் தருகின்றன. 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்த கணக்கு அது. எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் அதிர்வெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் அடங்குகிறது), விஏஎஸ் (கோனின் நெகிழ்ச்சிக்குச் சமமான காற்றின் அளவு) என்ற மூன்று எண்களையும், நீங்கள் அளந்த லிட்டரையும் ட்யூனிங்கையும் வின்ஐஎஸ்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டால் பேஸ் எப்படி வரும் என்று கோடு வரைந்து காட்டும். போர்ட் பெட்டிக்கு க்யூடிஎஸ் 0.3-லிருந்து 0.4 வரை இருந்தால் பொதுவாக நல்லது. 0.5-க்கு மேல் போனால் அந்தக் கோட்டில் ஒரு திமில் எழும்பும். காதுக்கு அது "பொம் பொம்" என்று ஒரே சுருதியில் கேட்கும்.

இங்கிலாந்தின் செலஸ்டியன், அமெரிக்காவின் எமினென்ஸ், இத்தாலியின் ஃபைட்டல், ஸ்பெயினின் பேமா எல்லாம் இந்த ஷீட்டை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஷீட்டே இல்லாத ஸ்பீக்கரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் இப்போது வாங்குவதில்லை.

பேஸ் பாக்ஸ் தனியாக வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. டாப்பில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவீர்கள் என்றால் அதற்கு ஆழமான பேஸ் தேவையே இல்லை. கீழே கொஞ்சம் குறைந்தாலும் சென்சிட்டிவிட்டி 99, 100 உள்ளதைத் துணிந்து எடுக்கலாம்.

படி 4: ஹாரன்

எனக்குக் கேட்டால், காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வூஃபரைத் தொடாமல் இதை மாற்றுங்கள் என்பேன். மேடைப் பேச்சில் எழுத்துகள் தெளிவாக விழுவது பெரும்பாலும் இங்கிருந்துதான். நடுத்தர விலைப் பெட்டியில் கம்பெனிக்காரன் மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் இங்கேதான்.

வாங்கும்போது இரண்டு பொருத்தம் பார்க்க வேண்டும். வாய் அளவு: இந்தப் பெட்டிகளில் அனேகமாக 1 இன்ச். மாட்டும் முறை: சில டிரைவர்கள் மரை போட்டுத் திருகுபவை, சில போல்ட் போடுபவை. இரண்டுக்கும் நடுவே அடாப்டர் கிடைக்கிறது. டயாஃபிராம் டைட்டானியமா பாலிஇமைடா என்பது ரசனை சார்ந்தது. பேச்சும் கச்சேரியும் அதிகம் என்றால் பாலிஇமைடு கொஞ்சம் மிருதுவாக இருக்கும் என்பது என் காது சொல்வது.

ஷீட்டில் "குறைந்தபட்ச கிராஸ்ஓவர்" என்று ஒரு எண் இருக்கும். அதற்குக் கீழே இறக்காதீர்கள். அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் டயாஃபிராம் நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும். உடைந்துவிடும்.

படி 5: கிராஸ்ஓவர்

திறந்து பார்த்தால் சில பெட்டிகளில் ஹாரனுக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் இருக்கும். 4.7 மைக்ரோஃபாரட் என்றால் அது 8 ஓமுக்கு சுமார் 4,200 ஹெர்ட்ஸில்தான் வெட்டுகிறது. 15 இன்ச் கோனோ 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் டார்ச் லைட் போல நேராக மட்டும் அடிக்கத் தொடங்கிவிடும், ஏனென்றால் அங்கே ஒலி அலையின் நீளம் 34 சென்டிமீட்டர்தான், கோனின் அகலமும் அவ்வளவுதான். நடுவில் இருக்கும் இடைவெளியில், பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பேச்சு புரியாது.

2,000 ஹெர்ட்ஸில் வெட்டும் எளிய 12 டெசிபல் (வெட்டிய பக்கத்தில் அதிர்வெண் இரண்டு மடங்கோ பாதியோ ஆகும்போதெல்லாம் 12 டெசிபல் குறையும்) கிராஸ்ஓவருக்கு, 8 ஓம் கணக்கில், 7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 0.9 மில்லிஹென்றி காயிலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேண்டும். ஹாரனுக்கு கெப்பாசிட்டர் வரிசையில், காயில் குறுக்கே. வூஃபருக்கு அதன் தலைகீழ். நிஜ ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக நிற்பதில்லை என்பதால் இது தொடக்கம்தான், கடைசியில் காதும் மைக்கும் திருத்தும். கெப்பாசிட்டர் பிலிம் வகையாக இருக்கட்டும். பிளஸ் மைனஸ் குறித்த எலக்ட்ரோலிட்டிக் இங்கே ஆகாது.

ஹாரன் டிரைவர் வூஃபரைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் சத்தமாக இருப்பது சாதாரணம். அதைக் குறைக்க ரெசிஸ்டர்கள். 6 டெசிபல் குறைக்க வரிசையில் 4 ஓம், ஹாரனுக்குக் குறுக்கே 8 ஓம் போடுங்கள். ஹாரனின் 8-ம் ரெசிஸ்டரின் 8-ம் குறுக்கே சேர்ந்து 4, அதோடு வரிசையில் 4, மொத்தம் மறுபடி 8. கிராஸ்ஓவருக்கு வித்தியாசமே தெரியாது. சிமென்ட் ரெசிஸ்டர் 20 வாட்டில் வாங்குங்கள், பிளைவுட்டைத் தொடாமல் தூக்கி மாட்டுங்கள்.

உள்ளே கார் பல்பு மாதிரி ஒன்று இருந்தால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஓவர்லோடு வரும்போது அது எரிந்து, சூடாகி, ஹாரனுக்குப் போகும் கரண்டைக் குறைக்கிறது. வெளிச்சத்துக்காக வைத்ததல்ல.

படி 6: பொருத்துவது

பெட்டியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். நின்றபடி கழற்றினால் கடைசி போல்ட் வரும்போது ஏழெட்டுக் கிலோ மேக்னட் உங்கள் காலில் விழும். பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துப் புதிய ஃபோம் டேப் ஒட்டுங்கள். மர ஸ்க்ரூ போட்டிருந்தால் இதுதான் டி-நட்டுக்கு மாறும் சமயம். கார் வீல் நட் போல எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் ஃபிரேம் முறுக்கி காயில் உரசும்.

கடைசி முறுக்கு கையால்தான். டிரில்லில் பிட் போட்டு அவசரப்பட்டதில் அது வழுக்கிப் புத்தம் புதுக் கோனைக் குத்திவிட்டது எனக்கு. டிஷ்யூ பேப்பரும் பசையும் வைத்து ஒட்டியது இன்றும் ஓடுகிறது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

மாட்டும் முன் வூஃபரின் பிளஸ்ஸில் 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸைத் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே வந்தால் சரி. பழைய ஜேபிஎல் டிரைவர்களில் இது தலைகீழாக இருக்கும், குழம்ப வேண்டாம். இரண்டு பாக்ஸிலும் ஒரே மாடல், ஒரே போலாரிட்டி (பிளஸ்-மைனஸ் திசை). ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டுவது ஒரு காலில் ஷூவும் மறு காலில் செருப்பும்தான்.

படி 7: ஓட்டிப் பார்ப்பது

முதலில் குறைந்த சத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் டோன். பெட்டியின் விளிம்பெல்லாம் ஒரு ஊதுவத்தியைக் கொண்டுபோங்கள். போர்ட்டைத் தவிர வேறெங்காவது புகை துடித்தால் அங்கே காற்று கசிகிறது.

அடுத்து ஒரு மெஷர்மென்ட் மைக்கும் ஒலியை அளந்து காட்டும் ஆர்இடபிள்யூ சாஃப்ட்வேரும் இருந்தால் கிராஸ்ஓவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஹாரன் வயரை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு முறையில் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும், மறு முறையில் நிரம்பும். நிரம்பும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். 12 டெசிபல் கிராஸ்ஓவரில் ஹாரன் தலைகீழாக இணைவது தப்பில்லை.

பிறகு ப்ராசஸரில் (ஆம்புக்கு முன் ஒலியைத் திருத்தும் கருவி) இரண்டு வேலை. படி 2-ல் கண்ட ட்யூனிங்குக்குக் கீழே, 45 ஹெர்ட்ஸ் பக்கம், 24 டெசிபல் லோ கட் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது). அடுத்து லிமிட்டர்: ஸ்பீக்கர் ஆர்எம்எஸ் 300 வாட் என்றால், அதை 8 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 49 வோல்ட். ஆம்பின் அவுட்புட் அதைத் தாண்டாதபடி நிறுத்துங்கள்.

இரண்டு நிகழ்ச்சி ஓடியதும் எல்லா போல்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், புது ஃபோம் அமுங்கியிருக்கும். கடைசி போல்டைப் போடும் முன், பெட்டிக்குள்ளே மார்க்கரால் டிரைவர் மாடல், தேதி, ரெசிஸ்டர் அளவு மூன்றையும் எழுதிவிடுங்கள். என்னிடம் வரும் பெட்டிகளில் அப்படி எழுதியிருப்பது அபூர்வம். எழுதியிருந்தால் கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொள்வேன்.