கேம்புக்குள் போனதும் முதலில் முடிக்க வேண்டிய வேலை

அமெரிக்க ஃபெடரல் சிறைகளில் பெரும்பாலும் வேலிகூட இல்லாத, குறைந்தபட்சப் பாதுகாப்புள்ள 'கேம்ப்' வகைக்கு அனுப்பப்பட்டவர், நூலகத்தையோ ஜிம்மையோ தேடும் முன் ட்ரூலிங்க்ஸ் எனும் கைதிகளுக்கான கணினியில் இருக்கும் தேவை மதிப்பீட்டுக் கேள்வித்தாள்களை முடித்துவிட வேண்டும். முதல் 28 நாட்களுக்குள் முடிப்பது நல்லது. தள்ளிப்போட்டால் 'மறுத்தவர்' என்று பதிவாகி, சிறை நாட்களைக் குறைக்கும் கிரெடிட் சேராமல் நிற்கலாம்.

2018-இன் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டப்படி, பரிந்துரைத்த வகுப்புகளிலும் வேலைகளிலும் ஒழுங்காகப் பங்கேற்கும் ஒவ்வொரு 30 நாளுக்கும் 10 நாள் கிரெடிட். தொடர்ந்து இரண்டு மதிப்பீடுகளில் மீண்டும் குற்றம் செய்யும் ஆபத்து அளவு உயராமல் குறைந்தபட்சம் அல்லது குறைவு என்றே இருந்தால் 15 நாள். இதில் 12 மாதம் வரை முன்கூட்டியே விடுதலைக்குக் கழியும். மிச்சம் ஹாஃப்வே ஹவுஸ் (விடுதலைக்கு முன் ஊருக்குள் தங்கவைக்கும் கண்காணிப்பு விடுதி) அல்லது வீட்டுக்காவலுக்குப் போகும். நன்னடத்தைக்கான ஆண்டுக்கு 54 நாள் இதில் சேராது, அது தனிக் கணக்கு. நேரம் போக கிரோஷே பின்னலாம், தப்பில்லை; ஆனால் உங்கள் கோப்பைக் கவனிக்கும் சிறை அலுவலரான கேஸ் மேனேஜரிடம் கிரெடிட் கணக்குத் தாளை அவ்வப்போது கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

மாநிலச் சிறைவாசிகளுக்கு இது பொருந்தாது. சட்டம் விலக்கிய குற்றங்களுக்குக் கிரெடிட்டே இல்லை. நாடு கடத்தும் இறுதி உத்தரவு உள்ளவர்களுக்குச் சேர்ந்தாலும் கழிக்க முடியாது.