பெயர் மறந்த ஈ: குழந்தையைக் கதை சொல்ல வைக்க ஒரு வாரம்

நாலைந்து வயதுக் குழந்தையிடம் "ஒரு கதை சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு ஊர்ல ஒரு சிங்கம் இருந்துச்சாம், அப்புறம்... அப்புறம்..." என்று நின்றுவிடும். மனசு நிறையக் கதை இருக்கிறது. அடுத்து எது என்ற நூல்தான் கைக்கு வருவதில்லை. அதைப் பிடித்துப் பழக, பெயர் மறந்த ஈயின் கதையைவிட நல்ல கதை எனக்குத் தெரிந்து இல்லை.

வீடு மெழுகும் மும்முரத்தில் ஒரு ஈக்குத் தன் பெயரே மறந்துபோகிறது. எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டே போகிறது: "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் இடையா, இடையன் கைக் கோலே..." அப்படியே மரம், கொக்கு, குளம், மீன், வலையன், சட்டி, குயவன், மண், புல். கடைசியில் குதிரை "ஈ... ஈ... ஈ..." என்று கனைக்க, பெயர் கிடைத்துவிடுகிறது. ஊருக்கு ஊர் இந்த வரிசை கொஞ்சம் மாறும். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் சொல்கிறபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் இரண்டு நாள் நீங்கள் மட்டும் சொல்லுங்கள். புத்தகமும் போனும் வேண்டாம். குழந்தை 'ம்' கொட்டட்டும்.

2. மூன்றாம் நாள், கதையில் வரும் பொருட்களைத் தரையில் வரிசையாக வையுங்கள். கிடைக்காததற்குப் படம் வரைந்துகொள்ளலாம். இந்தப் படியில் அவசரமே வேண்டாம். என் அக்கா மகள் மீன் வரை ஓடி வருவாள், வலையனிடம் நின்றுவிடுவாள். வலை வீசி அவள் பார்த்ததே இல்லை. பழைய கொசுவலைத் துண்டை வாளித் தண்ணீரில் வீசி, மிதந்த வேப்பிலைகளை மீனாக அள்ளிக் காட்டினேன். பக்கத்தில் ஒரு மண்சட்டி, ஒரு பிடி களிமண், அதன்மேல் நாலு அருகம்புல். சட்டியைத் தொட்டாள், களிமண்ணைத் தொட்டாள், "இதுலேர்ந்தா அது வந்துச்சு?" என்றாள். அன்றைக்குக் குதிரை வரை தடங்கலில்லாமல் போனாள். அந்தாதி போல ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிற கதை இது. எது எதனோடு சேரும் என்று புரிந்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

3. அப்புறம் பாதி வரி நீங்கள், மீதி குழந்தை. "தாயை மேய்க்கும்..." என்று நிறுத்துங்கள். மறந்துபோனால் பொருளைக் கண்ணால் காட்டுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

4. இனி ஈயை உங்கள் வீட்டுக்குள் விடுங்கள். "குண்டு குண்டு இட்லியே, இட்லி சுடும் அத்தையே, அத்தை கட்டிய சேலையே, சேலை நெய்த தறியே..." ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உண்மையான உறவு இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. "சேலையே, சேலையைத் தின்ற யானையே" என்று குழந்தை தாவினால், யானை ஏன் தின்றது என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் யானையும் இருக்கட்டும்.

5. முடிவை மாற்றுவதுதான் கடினம். பெயரை ஒரு சத்தம்தான் சொல்லித்தர வேண்டும். பூ தன் பெயரை மறந்தால்? சங்கு "பூ...ம்" என்று ஊதும். ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். அடுத்ததைக் குழந்தையே தேடட்டும், ரெண்டு நாள் ஆனாலும் சரி.

6. வாரக் கடைசியில், அந்தப் புதுக்கதையைக் கேட்காத ஒருவரிடம் சொல்ல வையுங்கள். ஊரில் இருக்கும் தாத்தாவுக்குப் போனில் சொன்னாலும் போதும். அத்தையை விட்டுவிட்டு நேராகச் சேலைக்குப் போனால் போகட்டும், நடுவில் திருத்தாதீர்கள். முடிந்ததும் "இதில் என்ன நீதி?" என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். இப்போது 'ம்' கொட்ட வேண்டியது நீங்கள்.